கமலா எண்டு கேட்ட பாட்டு

நான் லூக்காஸ், வயசு இருபத்திநாலு, சுவிஸ் ஃப்ரிபூர்க்கில ஒரு கச்சேரி மண்டபத்துச் சமையல் குசினியில வேலைக்கு நிண்டு போனுக்குச் சொல்லி எழுதுறன். ஷரோன் அக்கா, எங்கட ஸ்கொட்லாந்துப் பாட்டுக் குழு இப்ப மேடையில ஒத்திகை பாக்குது. முதல் சீடியில டிஸ்கோ மாதிரித் துள்ளினவை, பிறகு கிற்றாரால காதைக் கிழிச்சவை, இப்ப நரைச்ச தலையோட வெறும் பியானோ. சின்னனில நாங்கள் ரெண்டு பேரும் ஆடின எங்கட பாட்டை விட்டிட்டினமோ எண்டு காதைக் குடுத்துக் கேக்கிறன். பக்கத்தில கோப்பை கழுவுற அந்தோனிதாஸ் அண்ணை, "உதென்ன தம்பி, செத்தவீட்டுப் பாட்டோ?" எண்டு சிரிக்கிறார். அந்த நேரம் பாத்து எங்கட பாட்டு வருது, மெதுவா, ஆறுதலா. ஈரக் கோப்பையில வெயில் மினுங்குது. நாங்கள் "கமலா, கமலா" எண்டு கத்தி ஆடின இடம் "கம் அலோங்", கூட வா எண்டு இங்கிலீசில தெளிவாக் கேக்குது. நான் கமலா எண்டே பாடுறன். பின்னேரம் கச்சேரியில இந்தப் பாட்டு வரேக்க உனக்குப் போன் எடுப்பன், நீயும் அப்பிடியே பாடு அக்கா.