சிசிலியின் மறுப்பு

சென்ட் லோரன்ட் பகுதியிலிருந்த உஸ்பெக் ஹலால் உணவகத்துக்குத் தாய் சிசிலியை றொக்சன் அழைத்துப்போனான். அவன் காதலிக்கும் டில்னோசாவின் தகப்பன்தான் முதலாளி. அவரே சிரித்தபடி ஆட்டிறைச்சிப் புலாவ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சிசிலி தட்டைத் தொடவில்லை.

"இந்தக் கலியாணம் வேண்டாம், தம்பி."

"அவை முஸ்லிம் எண்டதாலயோ? பாதர் என்ன சொல்லுவார் எண்டு பயமோ?"

"அந்த மனிசனைப் பாக்கத்தான் பயமாக் கிடக்கு."

"அவர் நல்லவர், அம்மா. மகளெண்டால் உயிர்."

"என்ர வாப்பாவும் அப்பிடித்தான்."

றொக்சன் திகைத்தான். முஸ்லிம்கள் தகப்பனை அழைக்கும் அந்தச் சொல்லை அம்மாவின் வாயில் அவன் கேட்டதேயில்லை.

"மன்னாரில உன்ர அப்பாவைக் கலியாணம் முடிக்க நான் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினனான். பேந்து சாகும்வரை வாப்பா என்னோட கதைக்கேல்லை. இந்தப் பிள்ளை டில்னோசாவுக்கும் அது வேண்டாமடா."