கடைசி வரிசைக்குக் கேட்குமா?

"குண்டூசி விழுந்தாக்கூட கடைசி வரிசைக்குக் கேக்கும் சார். அப்படிக் கட்டின அரங்கம் இது."

தையற்காரர் வாய் கூசாமல் சொன்னார். முப்பது வருடமாகக் குண்டூசியோடு குடித்தனம் நடத்துகிறவர் என்பதால் அந்த உதாரணம் சட்டென்று வந்தது. ஆனால் அது பச்சைப் பொய். அந்த நாடக அரங்கில் எவ்வளவு கத்திப் பேசினாலும் எட்டாவது வரிசையோடு சரி. அதற்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு வெறும் எதிரொலிதான்.

பொய்க்குக் காரணம் இருந்தது. பகலில் தையல், மாலையில் ஊர் நாடகக் குழுவின் செயலாளர் வேலை என்று ஓடுகிற மனிதர். அரங்கத்தின் கூரை ஒழுகியது. விளக்குகளில் பாதி எரியவில்லை. இந்த மாதத்துக்குள் பழுதுபார்க்கப் பணம் புரட்டாவிட்டால், கட்டடத்தை மரச்சாமான் கிடங்காக மாற்றிவிடுவார்களாம். இதுவரை பதினேழு பேரிடம் கேட்டாயிற்று. பதினெட்டாவது ஆள்தான் எதிரே நிற்கிற இரும்புப் பட்டறை முதலாளி.

முதலாளி சிரிக்கவே இல்லை. பேசுகிறவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசையில் காலையில் குடித்த காபி ஒட்டியிருக்கிறதோ என்று தையற்காரர் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். மேலுதட்டை மூடிவிட்டுக் கீழுதட்டையும் எட்டிப் பார்க்கிற மீசை அது.

"மேடைக்குச் சக்கர நாற்காலி ஏறுமா?"

"பக்கத்துல சாய்தளம் இருக்குங்க. நாங்களே சிமெண்டு குழைச்சுப் போட்டது."

"ஒப்பனை அறை எத்தனை?"

"ரெண்டு சார். ஆம்பளைங்களுக்கு ஒண்ணு, பொம்பளைங்களுக்கு ஒண்ணு."

நாடகம் எழுதி இயக்குகிற அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஒரே அறைக்கு நடுவில் படுதா கட்டினால் இரண்டு அறையா என்பதுபோல் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் முக்கியம்" என்றார் முதலாளி. "டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசைல உக்கார்றவனுக்கும் ஒரு வார்த்தை விடாமப் புரியணும். இப்பவே பாத்துடுவோம். மைக் வேண்டாம், கத்தவும் வேண்டாம். மேடையில நின்னு என்ன வேணா பேசுங்க. புரியலைன்னா நான் கிளம்பிட்டே இருப்பேன்."

தையற்காரர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"முன்பக்க விளக்கு எரியும்ல? முகத்துல விழற மாதிரி போடுங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி திரும்பி நடந்தார்.

"காதால கேக்கறதுக்கு விளக்கு எதுக்காம்?" தையற்காரர் எரிச்சலில் கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டார். முதலாளி மூன்றடிதான் போயிருந்தார். அக்கா தம்பியின் கையில் நறுக்கென்று கிள்ளினாள். நல்லவேளை, அவர் திரும்பவில்லை.

"பெரிய மனுஷன், காதுல போட்டுக்கல. நீ மேடைக்குப் போ" என்றாள்.

மேடையில் ஏறி நின்றதும் மனப்பாடம் செய்திருந்த வசனமெல்லாம் மறந்துபோயிற்று. கடைசியான பதினான்காவது வரிசையில் முதலாளி தனியாக உட்கார்ந்திருந்தார். என்ன பேசினாலும் அங்கே போய்ச் சேராது என்பது தையற்காரருக்குத் தெரியும். கதை முடிந்தது என்று நினைத்தபோது மனசு லேசாகிவிட்டது.

"சார், இது உங்களுக்குக் கேக்கப்போறதில்ல. அதனால உண்மையையே சொல்லிடறேன். குண்டூசிக் கதை பொய். கடைசி ஆறு வரிசைக்கு ஒண்ணுமே கேக்காது. ஒப்பனை அறையும் ஒண்ணுதான். ஆனா சனிக்கிழமையானா பஸ் ஓட்டறவரு, நர்ஸு, மீன் விக்கறவரு எல்லாம் வேலையை முடிச்சிட்டு இங்கதான் ஓடி வர்றாங்க. நானும் நாள் முழுக்கக் குனிஞ்சே கிடக்கறவன். இந்த மேடையில ஏறினாத்தான் நிமிர்ந்து நிக்கறேன். இதைக் கிடங்காக்கிட்டா, எனக்குப் போக வேற இடம் இல்ல சார்."

கடைசி வார்த்தைகளுக்குக் குரலே வரவில்லை. விளக்குப் பலகை அருகே நின்ற அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

முதலாளி எழுந்து மேடைக்கு அருகே வந்தார்.

"குண்டூசி பொய். ஒப்பனை அறை ஒண்ணுதான். மேடையில ஏறினாத்தான் நிமிர்ந்து நிக்கறீங்க. கிடங்காக்கிட்டா போக வேற இடம் இல்ல. சரியா?"

தையற்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் கேட்காத அரங்கம் இன்றைக்கு எப்படிக் கேட்டது?

முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து காசோலை எழுதினார். "கூரை, விளக்கு, ரெண்டாவது ஒப்பனை அறை, எல்லாம் என் செலவு. கடைசி வரிசைக்கும் சத்தம் கேக்கறதுக்கு என்ன பண்ணணுமோ அதையும் பண்ணிடுங்க."

"உங்களுக்குத்தான் எல்லாம் கேட்டுடுச்சே சார்?"

"மத்தவங்களுக்குக் கேக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க." அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அந்த மீசையை மட்டும் கொஞ்சம் குறைங்க. நடுவுல ரெண்டு வார்த்தை விட்டுப்போச்சு."

மீசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் தையற்காரர் காசோலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நினைவு வந்தவராக வாசலுக்கு ஓடினார். முதலாளி காரை நெருங்கிவிட்டிருந்தார்.

"சார், திறப்பு விழாவுல உங்க பேரை எங்க போடணும்? சார்!"

முதலாளி திரும்பவில்லை. தையற்காரர் அடித்தொண்டையிலிருந்து இன்னொரு முறை கத்தினார். முதலாளி தன் பாட்டுக்குக் காரில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர்தான் இரண்டெட்டு முன்னால் வந்தார்.

"பின்னாலருந்து கூப்பிட்டா அவருக்குத் தெரியாதுங்க. பட்டறைச் சத்தத்துல ரெண்டு காதும் போயி எட்டு வருஷமாச்சு. உதட்டைப் பாத்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்குவாரு. இனிமே நாடகமே பாக்க முடியாதுன்னு நினைச்சிட்டிருந்தாரு."

பின்னாலேயே வந்திருந்த அக்கா தம்பியின் சட்டைப்பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.