அரட்டையின் பச்சை விளக்கு

ஒரு கணினிக்குள் அரட்டை என்றொரு செயலி இருந்தது. வசந்தமாலை டீச்சர் கணினியைத் திறந்ததுதான் தாமதம், கேட்காமலேயே ஓடிப்போய்ப் பச்சை விளக்கை ஏற்றி, "டீச்சர் வந்தாச்சு!" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். உடனே அவருடைய அண்ணியில் தொடங்கி பழைய மாணவர்வரை "சாப்பிட்டாச்சா?" என்று வரிசைகட்டுவார்கள். டீச்சர் தயாரிக்க உட்கார்ந்த வினாத்தாள் முதல் கேள்வியிலேயே நிற்கும்.

ஒருநாள் டீச்சர் அமைப்புகளைத் திறந்து, 'தானாக உள்நுழை' என்பதன் எதிரே இருந்த டிக்கை எடுத்துவிட்டார்.

மறுநாள் கணினி விழித்தது. அரட்டையை யாரும் எழுப்பவில்லை.

"என்னை அழிச்சிடுவாங்களா?" என்று மவுஸிடம் அழுதது அரட்டை. "நல்லதுதானே செஞ்சேன்?"

"அவங்க வந்து உட்காரக்கூட இல்ல, அதுக்குள்ள நீ தமுக்கடிச்சா எப்படி?" என்றது மவுஸ். "கோவமெல்லாம் இல்லப்பா. கூப்பிடுவாங்க, இரு."

மூன்றாம் நாள் மாலை வினாத்தாளை முடித்த டீச்சர், சோம்பல் முறித்துவிட்டு அரட்டையைத் தட்டினார். அது துள்ளி எழுந்தது. பழக்கதோஷத்தில் விளக்கை நோக்கி நீண்ட கை பாதியிலேயே நின்றது.

"டீச்சர், நீங்க வந்திருக்கீங்கன்னு சொல்லட்டுமா?"

"சொல்லு," என்றார் டீச்சர். "அண்ணி கேக்காம மூணு நாளா எனக்குச் சாப்பாடே இறங்கல."