பட்டாளத்தான் வெட்டிய குழி

"இன்னா செவ்வந்தி, ஒம் புருசன் பதுங்குகுழி வெட்டிக்கினு இருக்கான்? பாகிஸ்தான்காரன் தியாகதுருகத்துக்கு வர்றானா?"

வேலிக்கு அப்பால் நின்று ரங்கம்மாள் கேட்டாள். செவ்வந்தி வீட்டுக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை முடிந்து, பட்டாளத்திலிருந்து அவள் புருஷன் ராசு முந்தாநாள்தான் லீவில் வந்திருந்தான். வந்த அன்று தெருவே கூடிக் கதை கேட்டது. கல் மாதிரி பூரியைக் கடித்தது, பூட்ஸைக் கழற்றாமலே தூங்கியது, எலியோடு ஒரே கம்பளியில் படுத்தது என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான். மறுநாள் விடிந்ததும் கடப்பாரையோடு வீட்டுக்குப் பின்னால் போனவன்தான். இப்போது இடுப்பளவு ஆழத்தில் நிற்கிறான்.

ரங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "குண்டு சத்தம் மண்டைக்குள்ள பூந்துக்கினா இப்டித்தான் ஆவுமாம். மலமேல கரியாலூர்ல ஒருத்தர் மந்திரிச்சுக் கயிறு கட்டுறாராம். இட்டுக்கினு போ."

செவ்வந்தி உள்ளே போய் மோர் கலக்கினாள். ஒரு சொம்பு மோரோடு குழியோரம் போனாள்.

"ஏங்க, மேல வாங்க. சண்டைதான் முடிஞ்சிபோச்சே."

"தெரியும்."

"இங்க யாரும் சுட மாட்டாங்க."

"அதுவும் தெரியும். இன்னும் ஜாஸ்தி ஆழம் போவணும், தள்ளி நில்லு."

"கரியாலூருக்கு ஒரு நட போய்ட்டு வரலாமா?"

"எதுக்கு?"

"சும்மா... அருவி பாக்க."

"அருவி எங்க ஓடிடப் போவுது? எனக்கு வேல கெடக்குது."

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்குங்க இந்தக் குழி? எனக்குப் பயமா இருக்குது."

ராசு கடப்பாரையைச் சாய்த்து வைத்தான். ரங்கம்மாள் போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"எல்லார்கிட்டயும் எல்லாத்தயும் சொன்னன். ஒண்ண மட்டும் சொல்லல, வெக்கமா இருந்துச்சு. அங்க பகல்ல தலைய நீட்டுனா சுட்டுடுவான். வயித்த வலிச்சாக்கூடப் பொழுது சாயுற வரைக்கும் பல்லக் கடிச்சிக்கினு அடக்கிக்கினு கெடக்கணும். குளிரு, பசியெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல."

"அடப்பாவமே" என்றாள் செவ்வந்தி.

"எனக்கு அது சண்ட முடியிற வரைக்கும்தான். நீ இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து தெனமும் அப்டித்தான கெடக்குற? லீவு முடியிறதுக்குள்ள ஒனக்கு ஒரு கக்கூஸ் கட்டிட்டுத்தான் போவன்."