மூன்றாவது கோடு

மூன்றாவது கோடு காணாமல் போயிற்று.

அவள் மணிக்கட்டை விளக்குப் பக்கம் திருப்பினாள். முதல் கோடு சுண்ணாம்பாய் நின்றது. இரண்டாவது, காய்ந்த சந்தனம் போல. மூன்றாவதை இழுத்த இடத்தில் அவளுடைய தோல் மட்டும் இருந்தது.

“எங்க போச்சு?”

கவுண்டரில் நின்ற பெண் சிரித்தாள். சட்டையில் ஜெபசீலி என்று பெயர் குத்தியிருந்தது.

“அதுதாங்க்கா ஒங்க கலரு. சேந்துட்டுல்லா.”

நாளை மறுநாள் அவளுக்குக் கல்யாணம்.

நேற்று பியூட்டி பார்லரில் ஒத்திகை பார்த்தார்கள். கண்ணாடியில் வெளுத்த முகம் ஒன்று இருந்தது. அதற்குக் கீழே அவளுடைய கழுத்து. நன்றாக இருக்கிறது என்றாள் பார்லர்க்காரி. அம்மாவும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து நெடுநேரம் முகம் கழுவினாள் அவள். இன்று காலையில், முகத்தில் பூசும் பவுண்டேஷனைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். வண்ணார்பேட்டையில் புதிதாகத் திறந்த இந்தக் கடைக்கு அம்மாவும் கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

கோடு இருந்த இடத்தை விரலால் தடவினாள். லேசான ஈரம். அவ்வளவுதான்.

எங்கோ ஒரு தொழிற்சாலையில், அவளைப் பார்த்தேயிராத யாரோ இந்த நிறத்தைக் கலந்திருக்கிறார்கள். கொஞ்சம் சிவப்பு விட்டு, கொஞ்சம் மஞ்சள் விட்டு, போதவில்லை என்று மறுபடியும் கலந்து. புட்டியில் அடைத்து, மூடி போட்டு, இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

இப்படி ஒருத்தி வருவாள் என்று.

ஜெபசீலிக்குப் பின்னால் புட்டிகள் அடுக்கியிருந்தன. வைக்கோல். கோதுமை. கருப்பட்டி. மழையில் நனைந்த பனை. புது பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டம் மொத்தமும் அந்த அலமாரியில் ஏறி நிற்பது போலிருந்தது.

பக்கத்து அலமாரியில் சிவப்பழகு கிரீம். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் பூசி வந்தது. இரண்டிலும் ஒரே கம்பெனியின் பெயர்.

இன்னொரு நாளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். இப்போது கண் மணிக்கட்டை விட்டு நகரவில்லை.

அம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

“பூசுனதே தெரியல. இத எதுக்குட்டி வாங்கணும்?”



ஜெபசீலி அவளை ஸ்டூலில் உட்கார வைத்தாள். முகம் முழுக்கப் புள்ளி வைத்து, பஞ்சால் ஒற்றி எடுத்தாள். பிறகு ஸ்டூலை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

அம்மா பார்த்தாள்.

பரு வந்த தழும்பு இல்லை. கண்ணுக்குக் கீழே இருந்த சோர்வு இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. பெற்ற நாளிலிருந்து பார்த்து வந்த அதே முகம், யாரோ பக்கத்தில் விளக்கை ஏற்றி வைத்தது போல.

அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

மகளைக் கருப்பு என்று அம்மா சொல்லி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் மாநிறம் என்றாள். சொந்தக்காரர்களிடம், நிறம் கொஞ்சம் மட்டு என்பாள். அதையும் குரலைத் தணித்துத்தான்.

அம்மா கைப்பையைத் துழாவி போனை எடுத்தாள். பார்லருக்கு அடித்தாள்.

“நாந்தான், கல்யாணப் பொண்ணுக்கு அம்மா. நேத்துப் போட்டீங்கள்லா, அது வேண்டாம். நாங்களே வாங்கிக் கொண்டாறோம்.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“நல்லாதான் இருந்துச்சு. ஆனா அவளுக்குச் சேராது. எம்புள்ள கருப்பு.”

கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.

“கருப்புங்கேன்!”

பில் போடும் இடத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா அவர்களையும் பார்த்துக்கொண்டே பேசினாள்.