கரண்டியில் நாலு துளி

ஒஸ்லோ மருத்துவமனையின் ஜன்னலில் மார்கழி வெளிச்சம் இப்போதுதான் ஏறுகிறது. நேற்று மாலை பிறந்த மகளை மடியில் கிடத்தி, இடக்கையில் சின்னக் கரண்டியைப் பிடித்தபடி, வலக்கை விரல்களால் மார்பை அமுக்கிக்கொண்டிருக்கிறாள் நிரோஜினி. காம்பின் நுனியில் சீம்பால் தடிப்பாய், செம்மஞ்சளாய்த் திரள்கிறது. பிள்ளைக்கு இன்னும் சப்பத் தெரியவில்லை, தூங்கி வழிகிறது. மருத்துவச்சி தந்துவிட்டுப் போன அந்தக் கரண்டியில் இதுவரை நாலு துளி சேர்ந்திருக்கிறது. கட்டிலருகே கணவனின் அக்கா யோசெப்பின், ஒரு கையில் பஞ்சும் மறு கையில் சீனித்தண்ணீர்ப் போத்தலுமாக நிற்கிறாள்.

“உது ஒன்பது மாசம் தேங்கிக் கிடந்த பால். நிறத்தைப் பாத்தியே? பஞ்சிலை பிழிஞ்சு எறி. குடிச்சா வயித்தாலை போகும்.”

“போகத்தான் வேணுமாம் மச்சாள். வயிறு அப்பதான் துப்பரவாகுமாம்.”

“நான் என்ரை மூண்டு பேருக்கும் பிழிஞ்சு எறிஞ்சனான். மூண்டும் பனியிலை சறுக்கித் திரியேல்லையோ?”

“நல்லாய்த் திரியினம். ஆனா இவளுக்கு இதுதான். சீனித்தண்ணியை நீங்களே குடியுங்கோ.”

கரண்டி பிள்ளையின் கீழுதட்டைத் தொடுகிறது. மஞ்சள் மெதுவாக வழிந்து உள்ளே போகிறது. நாக்கு நெளிகிறது, கழுத்தின் மெல்லிய தோல் ஒருமுறை ஏறி இறங்குகிறது. யோசெப்பின் பஞ்சை மேசையில் வைத்துவிட்டுக் குனிகிறாள்.

“விழுங்கிட்டாள்... இன்னும் வருமோ?”

நிரோஜினியின் விரல்கள் மறுபடி அமுக்கத் தொடங்கிவிட்டன.