எல்லா ரூமும் ஃபுல்

“பேரு?”

“ஜெபக்குமார்.”

“எத்தன பேரு தங்குறீங்க?”

“நாலு பேரு.”

லாட்ஜ் ரிஜிஸ்டரில் செல்வமேரி குறித்துக்கொண்டாள். “எந்த ஊரு?”

“இதே அட்டுவம்பட்டிதான்.”

“ஏங்க, உள்ளூர்னு எழுதுனா மாட்டிக்குவோம். வெளியூரா சொல்லுங்க.”

“சரி, திண்டுக்கல்னு போடு.”

“ரூம எப்பக் காலி பண்ணுவீங்க?”

“சொந்த வீட்ட எவன்டி காலி பண்ணுவான்? வெரசா எழுது, லாரி வந்துருச்சு!” என்றான் அவள் கணவன்.

டூரிஸ்ட்கள் வரும் ஊர் என்பதால் குடிநீர் லாரி லாட்ஜுகளுக்கு மட்டும்தான் வரும். ஆறு மாதமாக மனு கொடுத்து அலுத்துப்போன தெருக்காரர்கள், போன வாரம் தெருமுனையில் ‘ஹனிமூன் லாட்ஜ்’ என்று போர்டு மாட்டிவிட்டார்கள். தெருவில் இருபத்திரண்டு வீடு. லாட்ஜில் இருபத்திரண்டு ரூம்.

லாரி டிரைவர் ராபின் இறங்கி வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினான். குடமும் வாளியுமாக வரிசையில் நின்ற ‘டூரிஸ்ட்’களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். செல்வமேரி பேனாவைக் கீழே வைத்தாள்.

ராபின் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, எங்க தெருவுலயும் பத்து நாளா தண்ணி இல்ல. ஒரு ரூம் கெடைக்குங்களா?”

செல்வமேரி மறுபடி பேனாவை எடுத்தாள். “எத்தன பேரு தங்குறீங்க?”

“நூத்தி நாப்பது பேரு, அக்கா.”